தம்மாம் பேரீச்சை

விழுப்புரம்,
06.03.2025, வியாழன்.

மரியாதைக்குரிய ரோஜா மேடம் அவர்களுக்கு, பி.காம். மூன்றாம் வருடம் படிக்கும் ஃபர்ஹானாவின் தாயார் ஜுலைகா பீவி எழுதுவது.

போன மாதம் பதினோராம் தேதி செவ்வாய்க்கிழமை, துணிப்பையில் இலையும் பழமும் எடுத்துக்கொண்டு திண்டிவனத்தில் உங்கள் கல்லூரிக்கு வந்து, நீங்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே பாதியில் எழுந்து போனவள் நான்தான். "ஏம்மா, நான் ஏதாவது தப்பா சொல்லிட்டேனா?" என்று வராந்தா வரைக்கும் பின்னாலேயே வந்தீர்கள். நான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அதற்கு முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். நீங்கள் சரியாகத்தான் சொன்னீர்கள். ஏன் எழுந்து போனேன் என்பதை நேரில் சொல்ல வந்தால் மறுபடியும் பாதியில் எழுந்து போய்விடுவேன். அதனால் எழுதுகிறேன். ஃபர்ஹானாவிடம் கொடுத்தனுப்பினால் பஸ் விக்கிரவாண்டி தாண்டுவதற்குள் பிரித்துப் படித்துவிடுவாள் என்பதால் தபாலில் சேர்க்கிறேன். நோன்பு நாள். மதியம் லுஹர் தொழுதுவிட்டு உட்கார்ந்திருக்கிறேன், சாயங்காலம் அசர் தொழுகைக்குள் முடித்துவிடுவேன்.

நடந்த வரிசையிலேயே சொல்கிறேன்.

என் வீட்டுக்காரர் சர்புதீன் சவூதியில் தம்மாம் என்கிற ஊரில் தண்ணீர் டேங்கர் ஓட்டுகிறார். 2009-இல் கோலியனூர் போகிற ரோட்டில் நாங்கள் இந்த வீட்டைக் கட்டிக் குடி வந்தோம். அவருக்கு லீவு முடிய இரண்டு நாள் இருக்கும்போது தெருவில் செடி வண்டிக்காரன் ஒருவன் வந்தான். மல்லி, ரோஜா எல்லாவற்றையும் பின்னால் தள்ளிவிட்டு, பம்பரம் மாதிரி அடி பெருத்த ஒரு குட்டைச் செடியை முன்னால் எடுத்து வைத்தான்.

"பாய், இதப் பாருங்க. அரபு பேரீச்சை. உங்க ஊட்டுக்குன்னே எட்தாந்த மாரி கீது."

"இன்னாய்யா, ஈச்சங்கன்னு இவ்ளோ குட்டையாவா இருக்கும்?" என்றார் இவர்.

"நீங்க சொல்றது ஏரிக்கரை ஈச்சை பாய். இது அந்தூரு ஜாதி. கீழயே காய்க்கும். ஏற வேணாம், குந்திக்கினே பறிக்கலாம்."

இவர் அப்போதே எட்டு வருடம் அரபு நாட்டில் இருந்தவர். ஆனால் அங்கே பேரீச்சையை ரோட்டோரத்தில் நெட்டை மரமாகத்தான், அதுவும் டேங்கர் ஜன்னல் வழியாகத்தான் பார்த்திருக்கிறார். கன்று எப்படி இருக்கும் என்று யாரும் காட்டியதில்லை. எங்கள் தெருவில் வெளிநாட்டுக்காரர்கள் வீடு ஐந்து. ஐந்து வீட்டிலும் ஒவ்வொன்று தள்ளிவிட்டுத்தான் அந்த ஆள் போனான். மற்ற நான்கும் பட்டுப்போயின. எங்களுடையது நின்றது.

வாசலுக்கு வடக்குப் பக்கம் இவரே குழி எடுத்து வைத்தார். நாலு வயது ஃபர்ஹானா மண்ணைத் தள்ளினாள். கை கழுவிக்கொண்டே சிரித்தபடி சொன்னார்: "இது காய்க்கிற வருஷம் எக்ஸிட் அடிச்சிட்டு ஒரேயடியா வந்துடுறேன் ஜுலைகா. நம்ம ஊட்டுப் பழத்துலயே நோன்பு தொறக்கலாம்."

அவர் சிரித்தார். நான் மனதில் எழுதி வைத்துக்கொண்டேன்.

அந்தச் செடி வருடத்துக்கு ஒரு தடவைதான் இலை விடும், மேடம். உங்களுக்குத் தெரிந்திருக்கும். விட்டால் ஒன்றிரண்டு கிடையாது, நடுவிலிருந்து மொத்தமாகக் கிளம்பும். முதலில் பூனைக்குட்டி காது மாதிரி மிருதுவாக இருந்து, பத்து நாளில் கையைக் குத்தும் அளவுக்கு விறைத்துவிடும். விறைப்பதற்கு முன்னால் நான் எண்ணிவிடுவேன். எண்ணி அவருக்கு எழுதுவேன். முதல் வருடம் ஒன்பது இலை. பிறகு பதினாலு, பத்தொன்பது. ஆரம்பத்தில் தபாலில் எழுதினேன். பிறகு வாட்ஸப் வந்ததும், தாளில் எழுதியதையே போட்டோ எடுத்து அனுப்பினேன். போனில் பேசினால் அவர் அறையில் இருக்கும் எட்டுப் பேரும் கேட்பார்கள். எழுத்து என்றால் படுத்துக்கொண்டு தனியாகப் படிக்கலாம் இல்லையா.

இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை லீவில் வருவார். இந்தப் பதினைந்து வருடத்தில் ஏழு லீவு. மொத்தம் முன்னூற்று எழுபத்தொரு நாள். ஒரு வருடமும் ஆறு நாளும் நான் அவரோடு இருந்திருக்கிறேன்.

முதல் லீவுகளில் பெட்டியைக் கீழே வைத்ததும் செடிப் பக்கம் போய் உட்கார்ந்துவிடுவார். இலையை விலக்கி நடுவில் எட்டிப் பார்ப்பார். 2017 லீவிலிருந்து அது நின்றுபோனது. நான் இலைக் கணக்கு எழுதினாலும் "சரி" என்று ஒரு வார்த்தை வரும், அவ்வளவுதான். எப்போது வருவீர்கள் என்று கேட்டால் மட்டும், "செடி காய்க்கிற வருஷம்" என்பார். காத்துக் காத்துச் சலித்துவிட்டார் போலிருக்கிறது என்று நினைத்து, அதற்கப்புறம் இன்னும் கவனமாகத் தண்ணீர் ஊற்றினேன்.

பக்கத்து வீட்டு அம்சா பஸ் ஸ்டாண்டில் அவித்த வேர்க்கடலை விற்கிறவள். அவள் வாய்க்கு யாரும் தப்ப முடியாது. "யக்கா, பதினஞ்சு வருஷமா ஊத்திக்கினு கீற. உன் செடி இன்னும் வயசுக்கே வர்ல பாரு" என்று போகும்போதும் வரும்போதும் சொல்வாள்.

போன ஜூன் மாதம் இலை வரவேண்டிய நேரத்தில் இலை வரவில்லை. நடுவில் முட்டைக்கோசு மாதிரி உருண்டையாக, மஞ்சளும் பழுப்புமாக ரோமம் போர்த்திக்கொண்டு ஏதோ எழும்பியது. அம்சா வேலி வழியாகப் பார்த்துவிட்டு, "இன்னா யக்கா, செடி நடுவுல கோழி குந்திக்கினு அடை காக்குது?" என்றாள். எனக்கு அன்றைக்கு முழுவதும் சோறு இறங்கவில்லை, சந்தோஷத்தில்.

டிசம்பர் வெள்ளம் உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. எங்கள் வீட்டுக்குள் முழங்கால் அளவு தண்ணீர். பீரோவில் இருந்த துணியை மேலே ஏற்றிவிட்டு, நான் ஜன்னல் வழியாக அந்த உருண்டையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். தண்ணீர் அதன் அடி வரைக்கும் வந்து நின்றது. வடிந்த பிறகு, வீட்டைக் கழுவுவதற்கு முன்னால் சொம்பில் மொண்டு அதன் மேல் இருந்த சேற்றைக் கழுவினேன். "ஊடு நாறுது, ஜல்தியா உள்ள வாம்மா" என்று ஃபர்ஹானா கத்தினாள்.

ஜனவரியில் உருண்டை தளர்ந்தது. ரோமத்துக்கு நடுவில் ஆரஞ்சும் சிவப்புமாகப் பழம். எண்பத்து நாலு. அளவு பேரீச்சம்பழம்தான், மேடம். பேரீச்சை குலையாகத் தொங்குமே, இது ஏன் உட்கார்ந்திருக்கிறது என்று ஒரு நிமிடம் தோன்றியது. கீழேயே காய்க்கும் என்று அந்த ஆள் சொன்னானே என்று என்னையே சமாதானப்படுத்திக்கொண்டேன்.

போட்டோ எடுத்து அவருக்கு அனுப்பினேன். டேங்கரில் தண்ணீர் நிரம்பும் வரை சும்மா இருப்பார், அதனால் எப்போதும் ஒரு மணி நேரத்துக்குள் பதில் வந்துவிடும். அன்றைக்கு அசர் தாண்டியும் இல்லை. பிறகு ஒரு வாய்ஸ் வந்தது.

"மாஷா அல்லாஹ். யாரும் வாயில வெக்காதீங்க. நான் சொல்ற வரைக்கும் ஒண்ணு கூடப் பறிக்காதீங்க. அம்சா பேரப்புள்ளைங்கள கிட்டயே உடாத, புரியுதா?"

மூன்று தடவை கேட்டேன். தானே வந்து முதல் பழம் பறிக்க ஆசைப்படுகிறார் என்று எடுத்துக்கொண்டேன். வேறு எப்படி எடுத்துக்கொள்வேன், சொல்லுங்கள்?

அம்சாவிடம் சொன்னேன். "அப்போ பாய் வந்துடுறாரா? இனிமே நீ எங்கூட எங்க மார்க்கெட்டுக்கு வருவ, ஸ்கூட்டர்ல பின்னால குந்திக்கினு டாட்டா காட்டிக்கினு போவ" என்றாள். தெரு முழுவதும் சொன்னாள். வீட்டுக்கு ஏழு பழம் என்று நானும் பிரித்து வைத்துவிட்டேன், மனதில். கட்டிலை வெயிலில் போட்டேன். அவருக்குப் பிடித்த பக்கம் ஜன்னலுக்கு வலை அடித்தேன்.

ஃபர்ஹானா ஒருநாள் போனைச் செடி முன்னால் காட்டிவிட்டு வந்தாள். "அம்மா, இது பேரீச்சை இல்லியாம். நாய் தின்னா செத்துடும்னு போட்டுருக்கு."

"நம்ம ஊட்ல நாயா கீது?"

"வெளயாடாதம்மா."

"அந்த போனு போன வாரம் நம்ம மருதாணியப் பாத்துட்டு மாதுளைன்னு சொல்லுச்சு. போவியா."

"அப்போ மனுசங்களையே கேளு. எங்க என்.எஸ்.எஸ். ரோஜா மேடம் பாட்டனிதான். எலை ஒண்ணு, பழம் நாலு எட்துக்கினு வா. ஆனா அதுவரைக்கும் யாருக்கும் குடுக்காத."

அதனால்தான் வந்தேன். உங்களிடம் பேரீச்சை என்று எழுதி வாங்கிக்கொண்டு போய் அவள் வாயை அடைக்கலாம் என்று வந்தேன்.

அங்கே நடந்தது உங்களுக்குத் தெரியும். ஆனால் என் காதில் எப்படி விழுந்தது என்பது தெரியாதே. உங்கள் லேப் உதவியாளர் கோதண்டபாணி அண்ணன் வெள்ளைத் தட்டு கொண்டுவந்து வைத்தார். நீங்கள் இலையைத் திருப்பிப் போட்டு லென்ஸ் வைத்துப் பார்த்தீர்கள். நான் உங்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். உங்கள் முகத்தில் சந்தேகமே வரவில்லை.

"இந்தச் சின்னச் சின்ன இணுக்கிலையோட ஓரம் பாருங்கம்மா, கீழ்ப்பக்கமா சுருண்டிருக்கு. இணுக்குக்கு நடுவுல ஒரே ஒரு நரம்பு, வேற கோடே இல்ல. பேரீச்சைன்னா இணுக்கு நடுவுல மடிஞ்சு வாய்க்கா மாதிரி இருக்கும், நெடுக கோடு ஓடும். நம்ம மலைக்காட்டுல இதுக்கு ஒரு பங்காளி இருக்கு, அதுக்கு இணுக்கு தட்டையா அகலமா இருக்கும். இது ஜப்பான் பக்கத்துலேர்ந்து வந்தது. சைகஸ். அழகுக்கு வைக்கிறது. பனையும் இல்ல, ஈச்சையும் இல்ல, அதுங்களுக்கெல்லாம் ரொம்ப முந்தி வந்த ஜாதி."

"ஆனா பழுத்துருக்குதுங்களே மேடம்" என்றேன்.

"பழம் இல்லம்மா. இது பூக்கவே பூக்காது. வெறும் விதை வெளியில உக்காந்திருக்கு."

ஒன்றை எடுத்துச் சதையைச் சுரண்டிவிட்டுக் கண்ணாடிக் குவளைத் தண்ணீரில் போட்டீர்கள். மிதந்தது. "பக்கத்துல ஆண் செடி இருக்கா?" என்று கேட்டீர்கள். தெருவில் மற்றதெல்லாம் பட்டுப்போய்விட்டது என்றேன். "அதான். ஆண் செடி இல்லன்னாலும் விதை பெருக்கும், கலர் வரும். உள்ள கரு இருக்காது. மொளைக்காது."

அதையும் தாங்கிக்கொண்டேன், மேடம். ஏமாந்துவிட்டோம், இரண்டு பேரும் சேர்ந்து ஏமாந்தோம், அவரிடம் சொன்னால் சிரிப்பார் என்று நினைத்தேன். நோன்புக்கு அவர் வந்தால் போதும், கடைப் பேரீச்சை இல்லையா என்றும் நினைத்தேன்.

அப்போது கேட்டீர்கள். "யாரும் சாப்பிடலியே? நல்லா விஷம் இது, ஈரலைக் கெடுத்துடும்."

"இல்லீங்க. என் வீட்டுக்காரரு தம்மாம்ல இருக்காரு. போட்டோ பார்த்ததுமே யாரும் வாயில வெக்காதீங்கன்னு சொல்லிட்டாரு."

நீங்கள் கையைத் துடைத்துக்கொண்டே சாதாரணமாகச் சொன்னீர்கள்: "நல்லவேளை. அவருக்கு இது என்னன்னு தெரிஞ்சிருக்கும்மா. தெரியாதவரா இருந்தா தின்னு பாருன்னுல்ல சொல்லியிருப்பாரு."

அந்த இடத்தில்தான் எழுந்தேன்.

விழுப்புரம் பஸ்ஸில் வெயில் அடிக்கிற பக்கம் உட்கார்ந்திருக்கிறேன் என்பதே இறங்கும்போதுதான் தெரிந்தது. மூன்று நாள் அவருக்கு எழுதவும் இல்லை, பேசவும் இல்லை. வெள்ளிக்கிழமை அவருக்கு லீவு. ஜும்ஆ முடிந்து அவர் அறைக்குத் திரும்பும் நேரம் பார்த்து, ஃபர்ஹானாவை அம்சா வீட்டுக்கு அனுப்பிவிட்டு, போன் செய்தேன். சலாம் கூடச் சொல்லவில்லை.

"உங்களுக்கு எப்போலேர்ந்து தெரியும்?"

எது என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"எட்டு வருஷமா" என்றார்.

ஒரு பெரிய வீட்டுக்குத் தண்ணீர் இறக்கப் போனாராம். கேட்டுக்கு இரண்டு பக்கமும் எங்கள் செடி மாதிரியே இரண்டு. "தோட்டக்காரன் மலையாளி. ‘எங்க ஊட்லயும் இதே பேரீச்சை கீது சேட்டா, எப்போ காய்க்கும்'னு கேட்டேன். அவன் வயித்தப் புடிச்சிக்கினு சிரிச்சான். பக்கத்து வீட்டுத் தோட்டக்காரனையும் கூப்ட்டு என்னைக் காட்டிச் சிரிச்சான்."

எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தேன். அவரும் சிரித்தார்.

"அன்னிக்கே சொல்லியிருக்கலாமேங்க."

"சொல்லத்தான் போன் பண்ணேன். எடுத்ததும் நீ, ‘இந்த வருஷம் முப்பத்தாறு எலைங்க'ன்னே. ஒண்ணொண்ணா எண்ணிக்கினு கீறவகிட்ட எப்டி சொல்றது?"

"அது சரி. காய்க்காதுன்னு தெரிஞ்சும், காய்க்கிற வருஷம் வர்றேன்னு சொல்லிக்கினே இருந்தீங்களே. அது எதுக்கு?"

ஏசி சத்தத்துக்கு நடுவில் குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்:

"எப்போ வர்றீங்கன்னு நீ கேப்ப. எனக்குத் தெரியாது ஜுலைகா. ஊட்டுக் கடன் முடியட்டும்னு இருந்தேன், தங்கச்சி ஷமீம் கல்யாணம் முடியட்டும்னு இருந்தேன், அப்புறம் புள்ள படிப்பு. தெரியாதுன்னு ஒங்கிட்ட சொல்ல வாய் வர்ல. செடி மேல போட்டுட்டேன்."

"இப்ப காய்ச்சிடுச்சே."

"ஆமா" என்றார். "நானும் எதிர்பாக்கல."

"நோன்புக்கு வர முடியாதா?"

"முடியாது."

"பக்ரீதுக்கு?"

"தெரியாதும்மா."

பதினைந்து வருடத்தில் அவர் வாயிலிருந்து அந்த வார்த்தையை முதல் தடவையாகக் கேட்டேன். அழுதேன், மறைக்கவில்லை. அவரும் அழுதார் என்றுதான் நினைக்கிறேன். மூக்கை உறிஞ்சினார். அறையில் ஆட்கள் இருந்திருப்பார்கள்.

அன்றைக்குச் சாயங்காலம் ரப்பர் கையுறை மாட்டிக்கொண்டு எண்பது விதையையும் பறித்தேன் (நாலு உங்கள் மேஜையிலேயே நின்றுவிட்டது). அம்சாவின் பேரப்பிள்ளைகள் கைக்கு எட்டாதபடி பின்பக்கம் ஆழமாகத் தோண்டிப் புதைத்தேன். அம்சா வேலியில் வந்து நின்றாள். "இன்னா யக்கா, பாய் வர்லியா?" என்று கேட்டாள். அவள் குரலில் அன்றைக்குக் கேலி இல்லை. தெரியவில்லை என்று சொன்னேன். சொல்ல முடிந்தது.

கோட்டக்குப்பத்தில் கமாலுதீன் பாய் என்று ஒருவர் வருடா வருடம் சவூதிக்கு உம்ரா யாத்திரை ஆட்களைக் கூட்டிப் போவார். ஆறு வருடமாக என்னைக் கூப்பிடுகிறார். "இந்த வருஷம் இவரு வந்துடுவாரு, சேர்ந்து போய்க்கிறோம்" என்றுதான் ஒவ்வொரு தடவையும் பதில் சொல்லியிருக்கிறேன். பாஸ்போர்ட் எடுத்து வைத்தது அப்படியே பீரோவில் இருந்தது, வெள்ளத்தில் ஒரு ஓரம் நனைந்ததோடு சரி. மறுநாள் காலையில் அதை எடுத்துக்கொண்டு கண்டமங்கலம் வழியாகப் பஸ் ஏறிப் போய்ப் பெயர் கொடுத்துவிட்டு வந்தேன். என் நாத்தனார் ஷமீமும் வருகிறாள். பெருநாள் முடிந்து, ஏப்ரல் ஏழாம் தேதி கிளம்புகிறோம்.

வந்து அவருக்குப் போன் செய்தேன். "ஏப்ரல் பதினாலுலேர்ந்து நாலு நாள் மதீனாவுல இருப்பேன். தம்மாம்லேர்ந்து பஸ்ஸுக்கு எத்தினி மணி நேரம்?"

"யாரு, நீயா?"

"நான்தான். ஷமீமும்."

"பதினஞ்சு, பதினாறு மணி நேரம் ஆவும்." பிறகு, "மூணு நாள் லீவு கேட்டுப் பாக்குறேன்" என்றார். பிறகு, "மேஸ்திரி குடுப்பானான்னு தெரியாது" என்றார்.

"கேட்டுப் பாருங்க. குடுத்தாலும் குடுக்காட்டியும் நான் அங்கதான் இருப்பேன்" என்றேன்.

அம்சாவிடம் சொன்னபோது, "நீ ஜம்முனு போய்ட்டு வா யக்கா. செடிக்குத் தண்ணி நான் ஊத்தறேன். எலைய எண்ணு கிண்ணுன்னு மட்டும் சொல்லிடாத" என்றாள்.

மேடம், உங்களிடம் ஒரு உதவி. ஃபர்ஹானா உங்களிடம் கேட்டால், அது சைகஸ், விஷம் என்று சொன்னதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அவள் அத்தாவுக்கு முன்பே தெரியும் என்பது அவளுக்குத் தெரிய வேண்டாம். வண்டிக்காரனிடம் அத்தாவும் அம்மாவும் ஏமாந்தார்கள் என்று இரண்டு நாள் கேலி செய்தாள். அது அப்படியே இருக்கட்டும். நீங்கள் பாடத்துக்காக ஃபர்ஹானாவிடம் சொல்லிக் கேட்ட குட்டிச் செடியை, அடியில் முளைத்திருக்கும் இரண்டில் பெரியதாகப் பார்த்துப் பெயர்த்து, கிளம்புவதற்கு முன்னால் நானே கொண்டுவந்து தருகிறேன். இந்தத் தடவை டீ குடித்துவிட்டுத்தான் போவேன்.

லீவைப் பற்றி அவருக்கு இன்னும் பதில் வரவில்லை. தினமும் கேட்கிறாராம். நேற்று நோன்பு திறந்து முடித்த நேரத்தில் ஒரு வாய்ஸ் அனுப்பியிருந்தார்: "நாப்பது பொம்பளைங்க ஒரே கலர் முக்காடு போட்டுக்கினு வருவீங்க. மதீனா பள்ளிவாசலுக்கு வாசலே நாப்பதுக்கு மேல கீது. நீ எங்க நிப்ப, அத மட்டும் சொல்லு."

இன்று காலை கமாலுதீன் பாயிடம் கேட்டேன். பெண்கள் போகிற வாசல் இருபத்தைந்தாம் நம்பர் என்றார். அதைத் தாளில் பெரியதாக எழுதி, அசருக்குப் பிறகு, பதினாலு, பதினைந்து, பதினாறு, பதினேழு நாலு நாளும் அங்கே நிற்பேன் என்று கீழே எழுதி, போட்டோ எடுத்து அனுப்பினேன். பார்த்துவிட்டார்.

அசருக்குப் பாங்கு சொல்கிறது. இத்துடன் எழுந்திருக்கிறேன்.

ஜுலைகா பீவி